நளினி வாங்கிய டிரைவ்கள்

சர்வருக்கு ஹார்ட் டிஸ்க் வாங்குவதா, எஸ்எஸ்டி வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். விலை, வேகம், கொள்ளளவு எல்லாவற்றையும் விற்க வருபவரே அழகாக அட்டவணை போட்டுத் தந்துவிடுவார். அந்த அட்டவணையில் இடம்பெறாத விஷயம் ஒன்று உண்டு. முடிவெடுக்கிற ஆளின் மனது அன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறது என்பது. என் மனதில் பல வருடங்கள் பொறாமை குடியிருந்தது. அதைக் கூடவே வைத்துக்கொண்டு ஒரு காலை வேளையில் நான் ஒரு முடிவெடுக்க வேண்டிவந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் வேலை பார்த்தது அடையாறில் ஒரு பரிசோதனை நிலையத்தில். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இரண்டும் உண்டு. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ரத்தம் எடுக்கும் கிளைகள். அங்கே எடுக்கும் ரத்தம் கண்ணாடிக் குழாய்களில் அடைபட்டு பைக்கில் எங்களிடம் வந்து சேரும். நிலையத்தை நடத்தியவர் ஒரு பெண் மருத்துவர். மயிலாப்பூர் குளத்தருகே தலைமுறைகளாக வாழும் குடும்பம். நாங்கள் டாக்டரம்மா என்போம். நிலையத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்த காலத்தில் என்னை வேலைக்குச் சேர்த்தார். அது பெருகப் பெருக நானும் பெரிய ஆளானேன். பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார், புதுக் கிளைக்கு இடம் பார்க்கவும் என்னைத்தான் கூட்டிப்போவார். அவர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போகிறவர்கள் அங்கே இரண்டே பேர். ஒருவர் காபி கொண்டுவரும் அம்மா, இன்னொருவன் நான்.

அப்புறம் நளினி வந்தார்.

தரமணியில் ஒரு பெரிய கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை வேண்டும் என்று எங்களிடம் சேர்ந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அவரிடம் குறை கண்டுபிடிக்க நான் நிஜமாகவே முயற்சி செய்தேன். நேரத்துக்கு வந்தார். தெரியாததைத் தெரியாது என்றார். என்னை சார் என்று கூப்பிட்டார், அதில் கிண்டல் இல்லை. ஒருவர் மேல் பொறாமைப்படுவது என்று ஆகிவிட்டால் அவரிடம் ஒரு கெட்ட குணமாவது இருந்தால்தான் நமக்கு நிம்மதி. அந்த நிம்மதியை அவர் எனக்குத் தரவில்லை.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. விடிந்ததும் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கூட்டம். சர்க்கரைக்காரர்கள், கர்ப்பிணிகள், மறுநாள் ஆபரேஷன் என்று வருகிறவர்கள். ஒவ்வொருவர் பெயரையும் பதிந்து, பில் போட்டு, குழாயில் ஒட்டும் ஸ்டிக்கரை அச்சடிக்க வேண்டும். ஒரு ஆளுக்குப் பட்டனை அழுத்திவிட்டு, திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் செல்வி, ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பெண். வரிசையில் நிற்பவர்களின் வசவெல்லாம் அவருக்குத்தான். ஒருநாள் வரிசையில் நின்ற வயதான சர்க்கரைக்காரர் ஒருவர் அப்படியே சரிந்து விழுந்தார். நல்லவேளை, பக்கத்திலேயே டாக்டர் இருந்தார், பிழைத்துக்கொண்டார். அன்று மத்தியானமே டாக்டரம்மா என்னையும் நளினியையும் அறைக்குக் கூப்பிட்டு, இனி ஒருத்தர் அப்படி விழக்கூடாது என்றார்.

நான் என் யோசனையைச் சொன்னேன். சர்வரில் மெமரியைக் கூட்டலாம், இன்னும் சில ஹார்ட் டிஸ்க் சேர்த்து வேலையைப் பங்கிட்டுவிடலாம். தப்பான யோசனை இல்லை. அதுவரை நான் அப்படித்தான் சமாளித்து வந்தேன். நளினி வேறு மாதிரிச் சொன்னார். பெயர், பில், ஸ்டிக்கர், முடிவு என்று எல்லாமே சின்னச் சின்னத் துணுக்குகள். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஒரு முள் அங்கும் இங்கும் ஓடி அவற்றைத் தேட வேண்டியிருக்கிறது. நேரம் போவது அந்த ஓட்டத்தில்தான். எஸ்எஸ்டியில் ஓடுகிற பாகமே கிடையாது. இந்தத் துணுக்குகள் இருக்கும் டேட்டாபேஸை மட்டும் அதில் வைத்துவிட்டால் போதும் என்றார்.

காட்ட முடியுமா என்று டாக்டரம்மா கேட்டார். நளினி எங்கிருந்தோ ஒரு எஸ்எஸ்டியை இரவல் வாங்கி, பழைய சர்வர் ஒன்றில் பொருத்தி, எங்கள் டேட்டாபேஸை அதில் ஏற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் செல்வியை உட்காரவைத்தார். செல்வி ஒரு பெயரை அடித்துப் பட்டனை அழுத்தினார். பில் வந்துவிட்டது. இன்னொரு பெயர். அதுவும் உடனே வந்தது. செல்வி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பட்டன அமுக்கறதுக்குள்ள பில்லு வந்து நின்னுகினு கீது. இத்தினி நாளா இத்த எங்க சார் வெச்சிகினு இருந்தீங்க?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், டாக்டரம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக வாயைத் திறந்து வைத்திருந்ததில் தாடை வலித்தது.

அடுத்த கூட்டத்துக்கு ஆட்சேபங்களோடு போனேன். எஸ்எஸ்டியில் எழுத எழுத அதன் ஆயுள் தேயும் என்றேன். ஹார்ட் டிஸ்க் சாகுமுன் முனகும், வேகம் குறையும், பிழை காட்டும், நமக்கு அவகாசம் கொடுக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் என்றேன். ஸ்கேன் படங்கள் மலை போலக் குவிகின்றன, அவற்றை எடுத்துப் பார்ப்பது எப்போதோ ஒருமுறை, அதற்கு விலை உயர்ந்த எஸ்எஸ்டி எதற்கு என்றேன். தினமும் எடுத்து வைக்கும் நகலுக்கும் ஹார்ட் டிஸ்க்கே போதும் என்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. பொறாமையில் இருக்கும் தொல்லையே அதுதான். அது வாயைத் திறந்து பொய் சொன்னால் பிடித்துவிடலாம். என்னுடையது உண்மையாகத் தேடி எடுத்துப் பேசியது.

நளினி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சார் சொல்றது சரி டாக்டர். படங்களும் தினசரி நகலும் ஹார்ட் டிஸ்க்லயே இருக்கட்டும். டேட்டாபேஸ் மட்டும் எஸ்எஸ்டில போட்டுக்கலாம்" என்றார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "பாத்தேளா சேகர், நளினி எவ்வளவு அழகா பிரிச்சுச் சொல்றா."

பிரித்தது நான். ஆனால் அதை எப்படிச் சொல்வது?

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான், இன்றைக்கும் என் பதில் அதுவே. நொடிக்கு நொடி தொட்டு எழுதும் தகவலுக்கு எஸ்எஸ்டி. குவித்து வைத்து எப்போதாவது எடுக்கும் தகவலுக்கும் நகலுக்கும் ஹார்ட் டிஸ்க். அவசரக்காரர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டி டிரைவ்களை வாங்கும் பொறுப்பு நளினிக்குப் போனது. வந்தன, பொருத்தினார், வரிசை கரைந்தது. கூட்டம் அதே கூட்டம்தான், ஆனால் நிற்பதற்கு வேலை இல்லாமல் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா ஒருநாள் காலை கீழே வந்து அந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதற்குப் பிறகு அவருக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் நளினியைத்தான் கூப்பிட்டார். என்னை ஒதுக்கவில்லை. சம்பளம் குறையவில்லை, மரியாதை குறையவில்லை. ஆனால் நான் அவர் அறைக்கதவைத் தட்ட ஆரம்பித்தேன். தட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. உள்ளே அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் வெளியே நின்று தட்டுவேன்.

வீட்டில் நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அந்த நளினி பேரை ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி சொல்றீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்தேன். மனதுக்குள் சொல்லிக்கொள்வது இரண்டு மடங்கானது.

அந்த டிரைவ்களின் ஆரோக்கியத்தைக் காட்டும் பக்கம் ஒன்று சர்வரில் உண்டு. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும். தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் திறப்பேன். பொறுப்பான வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கை விசாரிக்கிறவர்களின் பொறுப்பு அது. வருடங்கள் ஓடின. தேய்மானம் அசைந்தே கொடுக்கவில்லை. நளினி வாங்கியது நல்ல சரக்கு என்று அந்தப் பக்கம் தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை. நளினி லீவு. அவருடைய அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் கூட இருந்தார். கீழே நாற்காலிகள் நிரம்பியிருந்தன. கிளைகளிலிருந்து குழாய்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. வழக்கம்போல ஆரோக்கியப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு டிரைவ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. சர்வர் அறைக்குள் போய்ப் பார்த்தால் ஒரு டிரைவில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆரோக்கியப் பக்கம் அதைப் பழுது என்றுகூடக் காட்டவில்லை. அப்படி ஒரு டிரைவ் இருந்ததாகவே சர்வருக்கு ஞாபகம் இல்லை.

கம்ப்யூட்டர் அறியாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். முக்கியமான சர்வரில் ஒரே தகவலை ஒரே நேரத்தில் இரண்டு டிரைவில் எழுதுவோம். ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். அதனால் கீழே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. செல்வி பில் போட்டுக்கொண்டிருந்தார்.

சிவப்பு விளக்கைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம். இதை உங்களிடம் மறைத்தால் மீதிக் கதைக்கு அர்த்தம் இருக்காது. ஒரு நொடிதான் இருந்திருக்கும், ஆனால் நல்ல முழுச் சந்தோஷம்.

செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரிந்த முறைதான். போன டிரைவை உருவிவிட்டு, கையிருப்பில் உள்ள புதியதைச் செருக வேண்டும். உயிரோடு இருக்கும் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் சர்வர் தானே புதியதில் எழுதிக்கொள்ளும். வேலை நிற்காது. கையிருப்பு டிரைவை எடுத்துக்கொண்டு வந்து சர்வர் முன்னால் நின்றேன். கை நீளவில்லை.

காரணம், மிச்சமிருந்த டிரைவ். இரண்டும் ஒரே பெட்டியில் ஒரே நாளில் வந்தவை. ஒரே நாளில் பொருத்தியவை. ஒன்றில் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் மற்றதிலும் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் உள்ளே ஓடும் புரோகிராமும் ஒன்றே. போனது தேய்ந்து போகவில்லை, முன்னறிவிப்பு இல்லாமல் மாயமாகிவிட்டது. அப்படியென்றால் கோளாறு அதன் உடம்பில் இல்லாமல் அந்த உள் புரோகிராமில் இருக்கலாம். அது மற்றதிலும் இருக்கும். முன்பு நான் வேலை பார்த்த தி.நகர் ஜவுளிக்கடையில் சேர்ந்து வாங்கிய இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் போயிருக்கின்றன. அவை சாகுமுன் கரகரவென்று சத்தம் போட்டு எங்களைத் தயார் செய்தன. இது சத்தம் போடாது. புதிய டிரைவைச் செருகினால், ஏற்கெனவே காலை நேரப் பாரத்தைச் சுமக்கும் இந்த ஒற்றை டிரைவை மூலைக்கு மூலை படிக்க வேண்டிவரும். நடுவில் அது விழுந்தால்?

விழுந்தால் போவது காலையிலிருந்து பதிந்த பெயர்கள். முந்தின இரவு வரையிலான நகல் பழைய ஹார்ட் டிஸ்க் சர்வரில் பத்திரமாக இருந்தது. ஆனால் குழாய்களில் ஒட்டிய ஸ்டிக்கரில் எண்ணும் கோடுகளும் மட்டும்தான். எந்த எண் யார் என்று சொல்வது டேட்டாபேஸ் ஒன்றே. அது போய்விட்டால் மேலே பரிசோதனைக்கூடத்தில் அடுக்கடுக்காக ரத்தம் இருக்கும், யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. அதில் பச்சைக் குழந்தைகளின் ரத்தம் உண்டு. ஊசி குத்தவே நரம்பு கிடைக்காத கேன்சர் நோயாளிகளின் ரத்தம் உண்டு. மறுபடி வாருங்கள், மறுபடி கொடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

மாற்று வழி இருந்தது. எல்லா வேலையையும் உடனே நிறுத்திவிடுவது. டிரைவுக்குப் பாரம் இல்லாமல் செய்து, காலையில் சேர்ந்த தகவலை மட்டும் ஹார்ட் டிஸ்க் சர்வருக்குக் கொண்டுபோய், அதிலேயே அன்றைய பொழுதை ஓட்டுவது. மெதுவாக ஓடும். பழைய வரிசை திரும்பி வரும். அதுவும் உச்சக்கட்டக் கூட்ட நேரத்தில்.

இந்த இடத்தில்தான் பொறாமை என் காலைச் சுற்றியது. நிறுத்தச் சொல்கிறது என் அனுபவமா, அல்லது நளினி வாங்கியது நம்பத் தகாதது என்று ஊருக்குக் காட்ட நினைக்கும் ஆசையா? எனக்கே தெரியவில்லை. நிறுத்திய பிறகு அந்த டிரைவ் கல்லுமாதிரி நின்றால், பொறாமையில் கூட்டத்தைக் காயப்போட்டான் கிழவன் என்பார்கள். முறைப்படி புதியதைச் செருகிவிட்டால் என்னை யாரும் எதுவும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு இரண்டாவதும் செத்தால் பழி, அவற்றை வாங்கிய நளினி மேல் போகும். அதாவது, எனக்குப் பாதுகாப்பான வழியும் என் பொறாமைக்கு இனிப்பான வழியும் ஒன்றாகவே இருந்தன. முறைப்படி நடந்துகொண்டு சும்மா இருந்தால் போதும்.

கையிருப்பு டிரைவைக் கீழே வைத்தேன். ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். இந்த டிரைவ்களை வாங்கியது நான் என்று வைத்துக்கொள்வோம். நளினி என்று ஒருவர் இங்கே வரவே இல்லை. அப்படியானால் இப்போது என்ன செய்வேன்? பதில் யோசிக்காமலே வந்தது. நிறுத்துவேன்.

மேலே போய் டாக்டரம்மாவின் கதவைத் தட்டினேன். நடந்ததைச் சொன்னேன். எல்லாக் கிளைகளையும் நிறுத்த வேண்டும், இந்த நிமிஷமே என்றேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு கேட்டது ஒரே கேள்வி.

"நளினிட்ட கேட்டேளா?"

உங்களில் யாருக்காவது இது நடக்கும். பல வருட வேலைக்குப் பிறகு உங்கள் வார்த்தை நிற்பதற்கு இன்னொருவருடைய வார்த்தையை முட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். அப்போது கோபித்துக்கொண்டு திரும்பினால் போவது உங்கள் நேரம் இல்லை, பரிசோதனைக்கூடத்து அடுக்கில் இருக்கும் குழாய்களின் நேரம். நான் போனை எடுத்து நளினியைக் கூப்பிட்டு, டாக்டரம்மாவுக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். நளினி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ரெண்டுலயும் உள்ள ஓடற புரோகிராம் ஒரே பதிப்பா சார்?"

"ஒண்ணுதான்."

"நீங்க என்ன நினைக்கறீங்க சார்?"

"இருக்கறதையும் நம்ப முடியாது. நிறுத்தணும்."

"நான் அங்க இருந்திருந்தா ஸ்பேரைத்தான் போட்டிருப்பேன்" என்றார் நளினி. "ஆனா நீங்க சொல்றதுதான் சரின்னு தோணுது. நிறுத்திடுங்க சார்."

டாக்டரம்மா போன் பக்கம் குனிந்தார். "அப்போ நிறுத்திடலாங்கறியா நளினி?"

"நிறுத்திடலாம் டாக்டர்."

நிறுத்தினோம். கிளைகளுக்குப் போன் போட்டு, இனி எடுக்கும் குழாயில் பேனாவால் பெயர் எழுதச் சொன்னேன். கீழே கூட்டம் எழுந்து நின்று குரல் உயர்த்தியது. செல்வி கவுண்டரை விட்டு வெளியே வந்து நடுவில் நின்றுகொண்டார். "தோ பாரு நைனா, மிஷினு பட்துகிச்சு. ஒங்க ரத்தம் மாறிப்போவக் கூடாதுன்னுதான் சாரு நிறுத்தி வெச்சிகினு கீறாரு. குந்துங்க எல்லாம்" என்று அவர் சொன்னது எனக்கு மாடி வரை கேட்டது. ரத்தம் மாறிப்போகும் என்ற பேச்சு வேலை செய்தது. கூட்டம் உட்கார்ந்தது.

எதை முதலில் எடுப்பது என்று அதிகம் யோசிக்கவில்லை. எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் முதலில். பிறகு மிஷின்கள் கொடுத்திருந்த முடிவுகள். பில்கள் கடைசியில், ஏனென்றால் பில் எப்படியும் நோயாளி கையில் ஒரு பிரதி இருக்கும். பெயர்கள் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு குழாயாகச் சரிபார்க்க நேரமில்லை, முதலும் கடைசியுமாகச் சிலவற்றை பரிசோதனைக்கூடத்தில் பார்த்துச் சொல்லச் சொன்னேன், பொருந்தின. முடிவுகள் போய்ச் சேர்ந்தன. பில்கள் பாதி போயிருக்கும்போது திரை உறைந்தது. சர்வர் அறைக்குப் போனேன். இரண்டாவது விளக்கும் சிவந்திருந்தது.

அங்கே தனியாக நின்றேன். என் கணிப்பு சரியாகிவிட்டது, என்னைத் தவிர அந்த அறையில் யாரும் இல்லை. சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஸ்பேரைச் செருகியிருந்தால் அந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைய பொழுது ஹார்ட் டிஸ்க்கில் நகர்ந்தது. திரையில் வட்டம் சுற்றியது, வரிசை வாசல் வரை போனது, எங்களைத் திட்டாதவர்கள் இல்லை. ரிப்போர்ட்டுகள் தாமதமாகப் போயின, ஆனால் சரியான பெயரோடு போயின. பாதியில் நின்ற பில்களைச் செல்வி மறுபடி அடித்தார். அப்பாவை வார்டுக்கு மாற்றியதும் நளினி நேராக அலுவலகம் வந்து, என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு வேலையில் உட்கார்ந்தார்.

மறுநாள் டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "நளினி உங்களப் பத்தி ரொம்ப நன்னா எழுதியிருக்கா, படிச்சேளா?" என்றார்.

படித்தேன். நடந்தது பற்றி எல்லோருக்கும் நளினி மெயில் அனுப்பியிருந்தார். இரண்டு டிரைவையும் ஒரே பெட்டியிலிருந்து வாங்கியது தன் தவறு என்று எழுதியிருந்தார். நிறுத்தும் முடிவு என்னுடையது, தான் இருந்திருந்தால் தவறான வழியில் போயிருப்பேன் என்றும் எழுதியிருந்தார். ஒளிவு மறைவே இல்லை. எனக்குக் கிடைத்த பாராட்டுகூட நளினி வழியாகத்தான் வந்தது என்பது முதலில் உறுத்தியது. இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று உறுத்தியது. இடம் மாறியிருந்தால் இந்த மெயிலை நான் எழுதியிருப்பேனா என்று யோசித்தேன். அதுவரை அவருடைய அறிவின் மேல்தான் எனக்குப் பொறாமை. அன்று அவருடைய மனசின் மேலும் வந்தது.

சில நாள் கழித்து டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். புதிதாக வாங்கியாக வேண்டும். அவர் பயந்து போயிருந்தார். அலுவலகத்தில் பலரும் எஸ்எஸ்டியே வேண்டாம் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். இந்தத் தடவை அவர் என்னிடம்தான் முதலில் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கோ சேகர். பழையபடி ஹார்ட் டிஸ்க்குக்கே போயிடலாமா? நீங்க அப்பவே சொன்னேள்."

எத்தனை வருடமாக நான் காத்திருந்த கேள்வி. நளினி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்விடலாம் என்று நான் சொன்னால் அவர் மறுத்துப் பேசியிருக்க மாட்டார், பேசும் இடத்தில் அன்று அவர் இல்லை. ஒரே வார்த்தையில் எல்லாம் எனக்குத் திரும்பி வந்திருக்கும். எனக்குச் சரியான பதிலும் தெரியும். செத்தது எஸ்எஸ்டி என்ற இனம் அல்ல, ஒரே பெட்டியில் வந்த இரட்டையர். ஹார்ட் டிஸ்க்குக்குத் திரும்பினால் விடிகாலையில் மறுபடி ஒரு சர்க்கரைக்காரர் வரிசையில் சரிவார்.

டேட்டாபேஸுக்கு எஸ்எஸ்டியே வாங்கலாம் என்றேன். வெவ்வேறு கம்பெனியுடையதாக இரண்டு, சில மாதம் கழித்து அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டின் வயதையும் பிரித்துவிடலாம். உள் புரோகிராமுக்குத் திருத்தம் வந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுப்பதை இரவுக்கு ஒருமுறை என்று வைக்காமல் மணிக்கு ஒருமுறை ஆக்கலாம்.

டாக்டரம்மா யோசித்தார். "அப்போ, நளினி அன்னிக்குச் சொன்னதேதானே?"

நளினி தலையை நிமிர்த்தி, இல்லை டாக்டர் என்று ஆரம்பித்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஆமா டாக்டர். நளினி சொன்னதேதான்."

இதைச் சொல்லிவிட்டதும் மனது லேசாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. மாலை மந்தைவெளிக்குப் பஸ்ஸில் போகும்போது, மணிக்கு ஒருமுறை நகல் என்பது என் யோசனை, அதையாவது டாக்டரம்மா கவனித்திருக்கலாம் என்று வழிநெடுக முனகிக்கொண்டு போனேன். ஓய்வு பெறும் வரைக்கும் அந்த முனகல் ஓயவில்லை. உங்களுக்கும் ஒரு நளினி வருவார், உங்களுக்குள்ளும் அது கேட்கும். அதை நிறுத்த எனக்கு வழி தெரியாது. அது கேட்டுக்கொண்டிருக்கும்போதே சரியான டிரைவை வாங்க முடியும் என்பது மட்டும் தெரியும்.

புதியவை வந்தன. பொருத்திய மறுநாள் காலை கீழே இறங்கிப் பார்த்தேன். நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.